மாட்டுக்கொட்டிலும் தொட்டிலும்

பச்சைக் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் பல் முளைப்பின் மேற் பழியிடுதல் யாழ்ப்பாணத்து வழக்கம். கடும் வயிற்றோட்டத்துக்கு முதன்மைக் காரணியாகிய றோட்டா வைரசை 1973ஆம் ஆண்டில் மெல்பேண் நகரில் உரூத் பிசப் அம்மையாரும் குழுவினரும் குழந்தைகளின் குடலிற் கண்டனர். சில்லுப்போன்ற உருவினதாதலின், சில்லைக் குறிக்கும் இலத்தீன் சொல் அதற்குப் பெயராயிற்று.

இதன் மரபுப்பொருள் 11 துண்டுகளாயுள்ளது. இருவேறு இனங்கள் ஓர் உயிரணுவிற் புகுமாயின், துண்டுகள் மாறிப் புதுக்கலப்பு பிறக்கும். தில்லியிற் பிறந்த சிசுக்களிடம் 1980களிற் கண்ட 116இ என்னும் இனத்தில் ஒரு துண்டு மாட்டுக்குரியது, பத்து மனிதர்க்குரியன. பெங்களூரின் ஐ321 இலோ ஒன்பது மாட்டுக்குரியன; இரண்டே மனிதர்க்குரியன. வளவுக்குள்ளேயே மாடு கட்டும் நம்மவர்க்கு இஃது அத்துணை வியப்பளியாது.

இக்கலப்பினங்கள் தொற்றியும் அச்சிசுக்கள் நோயுறவில்லை. 116இ தொற்றியோர் பின்னாளில் இந்நோய்க்கு ஆளாதல் குறைந்தமையை வைத்தியர் பான் அவர்களும் சகபாடிகளும் கண்டனர். அவ்வினத்தினின்றே றோட்டாவக் என்னும் தடுப்புமருந்து தோன்றிற்று. தில்லி, பூனா, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிபு 2014இல் வெளியாயிற்று: முதலாண்டிற் கடுநோயைத் தடுத்த அளவு நூற்றுக்கு 56.4. இதனை முழுவெற்றி என யான் துணியேன். ஆயினும் 2016 முதல் இந்திய அரசின் தடுப்புமருந்துத் திட்டத்தில் அஃது இடம்பெற்றது.

எனினும் கலப்பெல்லாம் நன்மையென்று கொள்ளுதல் தவறு. பெங்களூரில் தீங்கற்றிருந்த ஐ321 இன் அதே புறப்புரத வகையினைச் சேர்ந்த இனம், வேலூரிற் பிறந்த சிசுக்களை வயிற்றுநோயால் வருத்திற்று.