பானைக்குள் இருக்கும் கறுப்பு பெயிண்ட்டா?

1/ "டாக்டர், புதுசா மண்சட்டி வாங்கினேன். உள்ள கறுப்பா, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. மீன்குழம்பு வைக்கலாமா?" ஓபியில ஒரு அம்மா கேட்டாங்க. பதில் சொல்ல 2,000 வருஷத்துக்கும் மேல பின்னாடி போகணும்.

2/ கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைச்ச பானைகளைப் படத்துல பார்த்திருப்பீங்க. வெளியே சிவப்பு, உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பு. கருப்பு-சிவப்புப் பானைன்னு பேரு. அது பெயிண்ட் இல்ல. ஒரே மண், ஒரே நெருப்பு. வித்தியாசம் காற்றுதான்.

3/ களிமண்ணில் இரும்பு உண்டு. சுடும்போது ஆக்ஸிஜன் தாராளமா கிடைச்சா, துரு மாதிரி சிவக்கும். பானையைக் கவிழ்த்து வைக்கோல், உமி அடைச்சுச் சுட்டா உள்ளே காற்று போகாது. கரி மண்ணோட நுண்துளைகளில் ஏறிக் கறுக்கும். ஆய்வாளர்கள் சொல்ற முக்கியமான விளக்கம் இது.

4/ இதுக்கு இரும்புக் கதவு போட்ட உலை தேவையில்ல. நிழலில் காய்ந்த பானைகளை அடுக்கி, விறகும் வறட்டியும் வைத்து, வைக்கோல் மூடி, மேலே சேறு பூசினா சூளை. முதல்ல தீ மெதுவா ஏறணும். ஈரம் அவசரமா ஆவியானா பானை வெடிச்சிடும். சுமார் 600 டிகிரியைத் தாண்டினதும் அது மறுபடி களிமண் ஆகாது.

5/ அப்போ அந்த மினுமினுப்பு? சுடுறதுக்கு முன்னாடி வழவழப்பான கூழாங்கல்லால தேய்ச்சது. அவ்வளவுதான்.

6/ கண்ணாடிப் பூச்சு வேற கதை. குறைந்த சூட்டிலேயே உருகணும்னு ரோமிலும் சீனாவிலும் சுமார் 2,000 வருஷத்துக்கு முன்பே அதில் ஈயம் சேர்த்தாங்க. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை மெக்சிகோவுக்குக் கொண்டுபோனாங்க. அங்கே ஈயப் பூச்சுப் பாத்திரங்கள் இன்னிக்கும் பொது சுகாதாரப் பிரச்சினை.

7/ புளி, தக்காளி, எலுமிச்சை மாதிரி புளிப்பு பட்டா ஈயம் உணவில் கரையும். ரத்தசோகை, வயிற்றுவலி வரும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கும். பார்த்தாலும் ருசிச்சாலும் தெரியாது.

8/ அந்த அம்மாவுக்குச் சொன்னது: புதுச் சட்டிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. மெல்ல உறிஞ்சினா பூச்சில்லாத மண். அப்படியே நின்னா ஏதோ பூசியிருக்கு. எல்லாப் பூச்சும் ஈயம் இல்ல. ஆனா என்ன பூச்சுன்னு விற்கிறவருக்கே தெரியலைன்னா, அதில் பூச்செடி வைங்க. குழம்பு வேண்டாம்.

9/ புகையால கறுத்த சட்டியைப் பார்த்துப் பயப்படாதீங்க. பூசிக் கறுத்ததைத்தான் கேள்வி கேட்கணும்.