துப்பாக்கி போய்க் கண்ணாடி வந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன், ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கல்லூரி மாணவர்கள் இருபது பேரை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றேன். பைனாக்குலர் வாங்க எங்களிடம் பணம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் யங் குணகம் காணும் சோதனையில் அளவுகோலைப் படிப்பதற்கென்று ஒரு தொலைநோக்கி இருந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அதை எடுத்துப் போனோம். ஏரிக்கரையில் அதை நிறுத்தி முதலில் கண்ணை வைத்துப் பார்த்த மாணவன், "சார், நாரையெல்லாம் வௌவால் மாதிரித் தலைகீழாத் தொங்குது!" என்று கூவினான். கரையில் நின்றிருந்த மற்றவர்களும் சிரித்து விட்டார்கள். தொலைநோக்கியை வலப்பக்கம் திருப்பினால் பறவையும் வலப்பக்கமே ஓடியது. அரை மணி நேரத்தில் அதைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வெறுங் கண்ணால் பார்க்கத் தொடங்கினோம்.

இயற்பியல் ஆசிரியனாகிய நான் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால், அன்று நாங்கள் அரை மணி நேரம் பட்ட அவதியை உலகம் ஏறத்தாழ 280 ஆண்டுகள் பட்டது என்பதைப் பிறகுதான் படித்து அறிந்தேன். இன்று குளிர்காலம் வந்தால் கூட்டங் கூட்டமாக மக்கள் கழுத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழிகாட்டி ஒருவரின் பின்னே பறவை பார்க்கப் போகிறார்களே, அந்தப் பழக்கம் எப்படித் தோன்றியது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். நல்ல பார்வையுள்ள ஒருவரின் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளைப் பிரித்தறியும். ஐம்பது மீட்டர் தொலைவில் இக்கோணம் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சமம். அதாவது, ஐம்பது மீட்டருக்கு அப்பால் கிளையில் அமர்ந்திருக்கும் சிறு குருவியின் உடலில் ஒன்றரை சென்டிமீட்டரைவிடச் சிறிய அடையாளம் எதுவும் உங்கள் கண்ணுக்குத் தென்படாது. இறக்கையில் உள்ள மெல்லிய வெள்ளைக் கோடு, கண்ணைச் சுற்றிய வளையம் போன்றவற்றைக் கொண்டுதான் ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரிக்கிறோம். அவை தெரியவில்லையென்றால் என்ன செய்வது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இதற்கு ஒரே விடைதான் இருந்தது: சுடுவது. பறவை நூல் வல்லுநர் என்றாலே கையில் துப்பாக்கி இருக்கும். அமெரிக்கப் பறவைகளை உயிருள்ளவை போலவே வரைந்து புகழ் பெற்ற ஆடுபான், அவற்றைச் சுட்டு வீழ்த்தி, கம்பியால் நிறுத்தி வைத்துத்தான் வரைந்தார். நம் நாட்டில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் (ஆம், 1885-இல் இந்திய தேசிய காங்கிரஸ் தோன்றக் காரணமாயிருந்த அதே ஹியூம்தான்) தாம் திரட்டியிருந்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைத் தோல்களை லண்டன் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். இவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பறவைகள்மீது பெரும் பற்றுக் கொண்டவர்கள். பார்ப்பதற்கு வேறு வழி இல்லாதவர்கள்.

ஆனால் அதே காலத்தில் துப்பாக்கிக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களின் தொப்பிகளில் பறவை இறகுகளைச் செருகும் நாகரிகம் பரவியது. இறகு மட்டுமா? சிறகு, தலை, சில சமயம் முழுப் பறவையே தொப்பியில் உட்கார்ந்திருக்கும். 1886-இல் ஃபிராங்க் சாப்மன் என்ற இளைஞர் நியூயார்க்கின் கடைவீதியில் இரண்டு பிற்பகல்கள் நடந்தார். எதிரே வந்த பெண்களின் தலையையே பார்த்துக்கொண்டு நடந்து, 700 தொப்பிகளை எண்ணினார். அவற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவற்றில் பறவையின் பகுதி ஏதேனும் இருந்தது. அவர் அடையாளம் கண்ட இனங்கள் 40. உலகில் நடந்த பறவைக் கணக்கெடுப்புகளிலேயே இது விசித்திரமானது என்பேன்.

எல்லாவற்றையும்விட விலை மிகுந்தது வெண்கொக்கின் முதுகில் வளரும் மெல்லிய சிலும்பல் இறகு. இங்கேதான் துயரம் இருக்கிறது. இந்த இறகு இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே கொக்குக்கு வளரும். ஆகவே வேட்டைக்காரர்கள் அது கூட்டில் குஞ்சுகளோடு இருக்கும் நாட்களையே தேர்ந்தெடுத்தார்கள். தாயும் தந்தையும் சுடப்பட்டபின் குஞ்சுகள் பசியால் மடிந்தன. ஒரு கொக்கு சுடப்பட்டால் அழிந்தது ஒரு குடும்பம். ஃபுளோரிடாவின் சதுப்பு நிலங்களில் கொக்குக் கூட்டங்கள் சில ஆண்டுகளிலேயே வெறிச்சோடின. நம் நாட்டிலிருந்தும் கொக்கிறகு கப்பலேறியது. இந்திய அரசு 1902-இல் பறவை இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது.

சாப்மன் தொப்பி எண்ணிய அதே 1886-ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்மித் கல்லூரி என்னும் பெண்கள் கல்லூரியில் ஒரு மாணவி புதிய வழி ஒன்றைக் கண்டார். அவர் பெயர் ஃபுளோரன்ஸ் மெரியம். வயது இருபத்து இரண்டு. தோழிகளில் பலர் இறகுத் தொப்பி அணிபவர்கள். அவர்களிடம் சொற்பொழிவு செய்து பயனில்லை என்று அவர் முடிவு செய்தார். பறவையை உயிரோடு பார்த்தால் அதைத் தலையில் செருக மனம் வராது என்பது அவர் எண்ணம். ஆகவே தோழி ஃபேனி ஹார்டியுடன் சேர்ந்து கல்லூரியில் ஒரு பறவைச் சங்கம் அமைத்தார். ஜான் பரோஸ் என்ற புகழ் பெற்ற இயற்கை எழுத்தாளரை அழைத்து வந்தார். வசந்த காலத்தின் விடியற்காலையில், புல்லில் பனி காயுமுன், பரோஸ் முன்னே செல்ல மாணவிகள் பின்னே சென்றார்கள். பருவம் பார்த்து, வழிகாட்டியுடன், துப்பாக்கி இல்லாமல் பறவை காணச் சென்ற தொடக்க காலக் குழுக்களில் இதுவும் ஒன்று. மாணவிகள் பலர் தொப்பியை மாற்றினார்கள்.

மெரியம் 1889-இல் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழில் சொன்னால் 'நாடகக் கண்ணாடி வழியே பறவைகள்' என்று வரும். 70 பறவைகளைப் பற்றிச் சாதாரண மக்களுக்குச் சொல்லும் எளிய நூல். நாடகக் கண்ணாடி என்பது, அரங்கின் பின்வரிசையில் இருப்பவர் நடிகரின் முகத்தைப் பார்க்க வைத்திருந்த சிறு இரட்டைக் குழல். அது கலிலியோ வகை. பொருளருகே குவிலென்ஸ், கண்ணருகே குழிலென்ஸ். பிம்பம் நேராகத் தெரியும், குழலும் குட்டையானது. ஆனால் உருப்பெருக்கம் மூன்று மடங்கைத் தாண்டினால் பார்வைப் பரப்பு சாவித்துவாரம் போலச் சுருங்கிவிடும். பறக்கும் பறவையை அதற்குள் பிடிப்பது கல்லெறிந்து கொசு அடிப்பது போலத்தான்!

கண்ணருகேயும் குவிலென்ஸை வைத்தால் பரப்பு விரியும், உருப்பெருக்கமும் கூடும் என்று கெப்ளர் 1611-லேயே எழுதிவிட்டார். ஆனால் அதில் பிம்பம் தலைகீழ். எங்கள் வௌவால் நாரைகள் வந்தது இதனால்தான்! நட்சத்திரம் தலைகீழானால் யாருக்கும் கவலையில்லை. நாரை தலைகீழானால் கவலைதான். இடையில் மேலும் லென்ஸ்களைச் சேர்த்து நிமிர்த்தலாம். மாலுமிகள் வைத்திருந்த நீண்ட குழல் அப்படிப்பட்டது. ஆனால் அதைக் கை நடுங்காமல் பிடிக்க வேண்டும்; ஒரு கண்ணால்தான் பார்க்க முடியும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது, இரண்டு கண்ணாடிப் பட்டகங்கள். இத்தாலியப் பொறியாளர் இக்னாசியோ போரோ 1854-இல் இதற்கு உரிமம் பெற்றார். செங்கோண முப்பட்டகத்தின் அகன்ற முகத்தில் நேராக நுழையும் ஒளி, உள்ளே சரிந்த முகத்தில் 45 பாகையில் விழுகிறது. கண்ணாடியின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. எனவே ஒளி வெளியேற முடியாமல் முழு அக எதிரொளிப்பு அடைகிறது. எதிர்முகத்தில் மீண்டும் ஒரு முறை. பிறகு வந்த திசையிலேயே திரும்புகிறது. ஒரு பட்டகம் மேல் கீழை மாற்றுகிறது. அதற்குக் குறுக்காக வைத்த இரண்டாவது பட்டகம் இட வலத்தை மாற்றுகிறது. தலைகீழ் நாரை நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. ஒளி முன்னும் பின்னுமாக மடிந்து செல்வதால் நீண்ட குழல் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கப் படமாக வரும் விஷயம் இவ்வளவு வேலை செய்கிறது!

பின் ஏன் மெரியத்தின் கையில் 1889-இல் அது இல்லை? கண்ணாடி சரியில்லை. ஒளி இரண்டு பட்டகங்களுக்குள் பல சென்டிமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அக்காலக் கண்ணாடியில் குமிழிகளும் வரிகளும் நிறமும் இருந்ததால் பிம்பம் மங்கியது. ஜெர்மனியின் ஜேனா நகரில் இயற்பியல் பேராசிரியர் எர்ன்ஸ்ட் அபே, ஜைஸ் தொழிற்சாலைக்காகப் பட்டகக் கருவியில் முயன்று பார்த்துவிட்டு, கண்ணாடி போதாதென்று ஒதுக்கி வைத்திருந்தார். ஆட்டோ ஷாட் என்ற வேதியியலார் 1884-இல் அங்கேயே ஒளியியல் கண்ணாடி ஆலை தொடங்கினார். அதன்பின் தெளிந்த கண்ணாடி கிடைத்தது. 1894-இல் ஜைஸ் பைனாக்குலர் விற்பனைக்கு வந்தது. முன் லென்ஸ்களை நம் கண்களின் இடைவெளியைவிட அகலமாக அபே தள்ளி வைத்திருந்தார். அதனால் எந்தக் கிளை முன்னே, எந்தக் கிளை பின்னே என்ற ஆழமும் தெளிவாயிற்று.

இப்போது நம் கணக்குக்குத் திரும்புவோம். எட்டு மடங்கு பெருக்கும் கருவி வழியே பார்த்தால், ஐம்பது மீட்டருக்கு அப்பாலும் இரண்டு மில்லிமீட்டர் அடையாளம் தெரியும். குருவியைச் சுட்டுக் கையில் எடுத்துப் பார்க்கும் தேவை போயிற்று. உண்மையைச் சொன்னால், ஜேனா ஆலையின் பெரிய வாடிக்கையாளர்கள் பறவை பார்ப்பவர்கள் அல்லர், படைகள்தாம். மனிதனைச் சுடுவதற்கு உதவிய கருவியே பறவையைச் சுடாமலிருக்க உதவியது. மேலும், கருவி வந்ததும் மனம் தானாக மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மனம் மாறத் தொடங்கியது 1886-இன் விடியற்காலைகளில்; கருவி பின்னால் வந்து கைகொடுத்தது.

தொப்பி எண்ணிய சாப்மன் மறுபடியும் வருகிறார். கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து, கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டு, அதிகம் குவித்தவர் வென்றதாகச் சொல்லும் விளையாட்டு ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று அதற்குப் பதிலாக எண்ணுவோம் என்றார் சாப்மன். 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். சுமார் 90 இனங்கள் தேறின. அந்தக் கணக்கு இன்றுவரை ஆண்டுதோறும் நடக்கிறது. எந்தப் பறவை குறைகிறது, எது வடக்கே நகர்கிறது என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சான்று அதில் இருக்கிறது.

இவ்வளவும் இரத்தமின்றி நடக்கவில்லை. ஃபுளோரிடாவில் கொக்குகளைக் காக்க அமர்த்தப்பட்ட காவலர் கை பிராட்லி, 1905 ஜூலையில் இறகு வேட்டைக்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. சுட்டவர்மீது வழக்கு நடத்தத் தேவையில்லை என்று நடுவர் குழு விட்டுவிட்டது. ஆனால் அந்தச் சாவு நாடெங்கும் பேசப்பட்டது. 1910-இல் நியூயார்க் மாநிலம் உள்நாட்டுப் பறவை இறகு விற்பனையைத் தடுத்தது. 1918-இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். பம்பாயில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்ததால் அது என்ன குருவி என்று கேட்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துச் சென்றான். செயலாளர் மில்லார்ட் பாடம் செய்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். அச்சிறுவன்தான் சாலிம் அலி. அவர் 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நம் நாட்டில் பலர் பறவைகளுக்குப் பெயர் சொல்லக் கற்றார்கள்.

வேடந்தாங்கலுக்கோ இவர்கள் எவரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெயர் என்னவோ வேடரைக் குறிக்கிறது. ஆனால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலே பெற்றார்கள். ஸ்மித் கல்லூரிக்கு 88 ஆண்டுகள் முன்பு! அவர்களிடம் பைனாக்குலர் இல்லை. ஏரியில் விழும் எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் உண்டு. அந்த நீர் பாய்ந்த வயலில் நெல் செழிக்கும். வேதியியல் பெயர் தெரியாவிட்டாலும் விளைச்சல் தெரிந்திருந்தது. 1936-இல் அரசு இதைச் சரணாலயமாக ஏற்றது.

நீங்கள் போவதானால் நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். ஏரி நிரம்பியிருக்கிறதா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் ஆகியவை நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டியிருக்கும். பைனாக்குலரின்மேல் 8 × 30 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு உருப்பெருக்கம், முன் லென்ஸின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்று பொருள். முப்பதை எட்டால் வகுத்தால் வரும் 3.75 மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம். அந்தி மங்கும்போது கண்ணின் பாவை இதைவிட அகலமாக விரியும். அந்நேரத்தில் 7 × 50 கருவி கூடுதல் ஒளி தரும். ஆனால் அது கனம், கழுத்து வலிக்கும்.

எங்கள் கல்லூரிக் குழு இப்போதும் போகிறது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மாணவர்கள் அதற்கும் எண்ணிக் கொடுக்கிறார்கள். இரண்டு பழைய பைனாக்குலர்கள் சேர்ந்துவிட்டன. ஆய்வுக்கூடத் தொலைநோக்கி அலமாரியில் யங் குணகத்துக்காகக் காத்திருக்கிறது. முதலில் கூவிய அந்த மாணவன் மட்டும், நாரையைத் தலைகீழாகப் பார்த்த கதையைப் புதிதாக வருபவர்களிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.