மின்முலாம்

மின்முலாம் என்பது மின்னோட்டத்தின் உதவியால் ஓர் உலோகத்தின் மேல் வேறோர் உலோகத்தை மெல்லிய படலமாகப் படியவைக்கும் முறை. மின்னாற்பகுப்பின் பயன்களுள் ஒன்று. மயில்துத்தக் (செம்பு சல்பேட்டு) கரைசலில் பித்தளைச் சாவியை மின்கலத்தின் எதிர்முனையிலும் செம்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்தால், தகட்டிலிருந்து செம்பு கரைய, சாவியில் செம்பு படியும். 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம் பாய்ந்தால் படிவது ஏறத்தாழ 1.19 கிராம். இரும்பு ஆணியோ மின்கலம் இன்றியே அக்கரைசலில் சிவக்கும். இது வெறும் இடப்பெயர்ச்சி, துடைத்தால் உதிர்ந்துவிடும்.

பாக்தாத் அருகே 1936இல் கிடைத்த மண்சாடிகளைப் பண்டைய முலாமிடும் மின்கலங்கள் என வில்ஹெல்ம் கோனிக் கருதினார்; ஆய்வாளர் பலர் இதை ஏற்பதில்லை. வோல்ட்டா 1800இல் மின்னடுக்கு எனும் மின்கலத்தை அறிவித்த பின், பவியா நகரின் புருன்யாட்டெல்லி 1805 அளவில் வெள்ளிப் பதக்கங்களுக்குப் பொன்பூச்சிட்டார். அது பரவாமைக்கு நெப்போலியனுடன் ஏற்பட்ட பிணக்கே காரணம் என்பர்.

1838-39இல் பீட்டர்ஸ்பர்க்கின் யாக்கோபி, லிவர்பூலின் ஸ்பென்சர், லண்டனின் ஜோர்டான் மூவரும் செம்புப் படிவால் அச்செடுக்கும் முறையை அறிவித்தனர். முதன்மை யாருக்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பர்மிங்காம் அறுவை மருத்துவர் ஜான் ரைட், பொட்டாசியம் சயனைடு கரைசலில் பொன்னும் வெள்ளியும் சீராகப் படியக் கண்டார்; அம்முறை எல்கிங்டன் உறவினர்களின் 1840ஆம் ஆண்டுக் காப்புரிமையில் இடம்பெற்றது. பிரான்சில் கிறிஸ்டோஃபிள் 1842இல் அவ்வுரிமையை வாங்கினார்.

அதே ஆண்டு பொன்பூச்சுக்குப் பிரஷ்யக் காப்புரிமை பெற்றவர் வெர்னர் சீமென்ஸ். இருவர் நேருக்கு நேர் போட்ட சண்டைக்குத் துணை நின்றதற்காக மக்டபர்க் கோட்டையில் சிறைப்பட்ட இவ்விளம் படை அதிகாரி, அறையிலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார். ஜெர்மன் சில்வர் தேக்கரண்டி ஒன்றை (பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம்) பொன்னுப்புக் கரைசலில் அமிழ்த்தி, தங்க நாணயம் ஒன்றை நேர்முனையாக்கினார், சில நிமிடங்களில் கரண்டி பொன்னிறமானது. மன்னிப்பு விரைவில் வந்துவிட, சோதனை முடியும்வரை சிறையிலேயே இருக்க அனுமதி கேட்டதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார்.

பின்னர் நிக்கலும், 1920களில் குரோமியமும் தொழில்முறையில் பரவின. கணினிச் சில்லுகளின் செம்பு இணைப்புகளும் இன்று இவ்வாறே படியவைக்கப்படுகின்றன.

வீட்டுச் சோதனைகளில் எவர்சில்வர் கரண்டியை உப்புநீரில் நேர்முனையாக்கலாகாது. நச்சுத்தன்மை மிகுந்த குரோமியச் சேர்மங்கள் உருவாகலாம்.