கைனேஸ்

கிரேக்கத்தில் 'கினெயின்' என்றால் இயக்குதல். கைனேஸுக்கும் நாம் பார்க்கிற சினிமாவுக்கும் அதுதான் வேர். ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் ஆய்வகம் குடலில் கண்ட நொதிக்கு 'என்டரோகைனேஸ்' என்று பெயரிட்டது; சும்மா கிடந்த செரிமான நொதியை அது முடுக்கிவிட்டது. இன்றைய வரையறைப்படி அது கைனேஸே அல்ல, புரதத்தை வெட்டும் நொதி. பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது கைனேஸ் என்பது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி வேறு மூலக்கூறில் மாட்டும் நொதி. புரதத்தில் மாட்டினால் புரத கைனேஸ். அதனால் புரதத்தின் வேலை மாறுகிறது. செல் பிளவுபடுவதும் அது நிற்பதும் பெரும்பாலும் புரத கைனேஸ்களின் கட்டளையில்தான். நம் உடலில் 500க்கும் மேற்பட்ட புரத கைனேஸ்கள் உண்டு. ஏபிஎல் கைனேஸ், பிசிஆர் என்ற இன்னொரு புரதத்தின் துண்டோடு பிணைந்து, அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வருவது நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். அதை அடக்கும் மாத்திரை இமாட்டினிப்.

அந்த மாத்திரையின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது; 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. ஏழை நோயாளிக்கு இது உயிர்காத்த தீர்ப்பு என்றே சொல்வேன்.

கைனேஸ் உள்ள ஆய்வகக் குப்பியில் 'மறுசேர்க்கை' என்ற அடைமொழி இருந்தால், கைனேஸின் மரபணுவைப் பாக்டீரியா, பூச்சி செல் போன்றவற்றில் புகுத்தி உண்டாக்கிய கைனேஸ் அது. பெரும்பாலும் மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள். புது மருந்து அதை அடக்குகிறதா என்று பெரும்பாலும் முதலில் அந்தக் குப்பியின் கைனேஸில்தான் சோதிப்பார்கள்.