சிவப்பைத் தாண்டினால் தட்டும் கை

சியாகுல்லித் தோட்டங்களில் கடைசி மன்டரின் பழங்களும் பறித்து முடிகிற நேரத்தில்தான் எங்களுக்குச் சித்திரைப் புத்தாண்டு வருகிறது. போன வருசம் அந்த நாட்களில் மெசினாவிலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதற்காக மகனையும் கூட்டிக்கொண்டு பலெர்மோ மத்திய ஸ்ரேசனில் ரயில் ஏறினேன். கடலோரமாக ரயில் ஓடிக்கொண்டிருந்தபோது அவன் திடீரென்று கேட்டான்:

"அப்பா, டிறைவர் நித்திரை கொண்டிட்டா என்ன நடக்கும்?"

"கொம்பியூட்டர் பிறேக் போடும்" என்றேன்.

"அப்ப கொம்பியூட்டர் இல்லாத காலத்திலை?"

இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் ரயில் வேலை செய்த ஒருவர் இருந்தார். பெரியப்பா யாழ்ப்பாணப் பாதையில் பொயின்ற்ஸ்மன். அவர் வாயால் கேட்டவற்றையும் பிறகு நான் வாசித்து அறிந்தவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கடை சனம் உலகமெல்லாம் சிதறி, லண்டனிலும் ரொறன்ரோவிலும் பேர்லினிலும் நாளாந்தம் ரயிலேறி வேலைக்குப் போகிறது. அந்த ஊர்களின் கதையும் இதற்குள் வருகிறது.

இரும்புக் கை

விடை மிகவும் எளிமையானது. கொம்பியூட்டர் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கையை வைத்தார்கள். சிக்னல் சிவப்பாக இருந்தால் அந்தக் கை தண்டவாள மட்டத்துக்கு மேலே சில அங்குலம் எழும்பி நிற்கும். பச்சையானால் கீழே படுத்துவிடும். ரயிலின் அடியில் அதே நேர்கோட்டில் ஒரு சிறு நெம்பு தொங்கும். டிறைவர் சிவப்பைக் கவனியாமல் தாண்டினால் எழும்பி நிற்கும் கை அந்த நெம்பைத் தட்டும். தட்டியவுடன் பிறேக் குழாயிலுள்ள காற்று வெளியேறும்.

காற்று போனால் ரயில் எப்படி நிற்கும் என்று கேட்கலாம். சைக்கிள் ரியூப்பில் காற்று போனால் ஓட்டம் நிற்கிறதுபோல அல்ல இது. அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் 1870களின் தொடக்கத்தில் அமைத்த தானியங்கிக் காற்றுப் பிறேக்கில், குழாயில் காற்று அழுத்தம் இருக்கும்வரை பிறேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால் பிறேக் தானாகவே இறுகும். குழாய் அறுந்தாலும் பெட்டி கழன்றாலும் ரயில் நின்றுவிடும். இரும்புக் கை செய்வது அந்தக் குழாயைத் திறந்துவிடுவது மட்டும்தான்.

கையின் அமைப்பிலும் அதே புத்தி இருக்கிறது. பச்சைக்குக் கையைக் கீழே இழுத்து வைத்திருப்பது காற்று அழுத்தம் அல்லது மின்சாரம். அது நின்றுபோனால் ஸ்பிறிங் கையை மேலே தள்ளிவிடும். அதாவது பொறி பழுதானால் "போ" என்று சொல்லாது, "நில்" என்றுதான் சொல்லும். இதைச் செய்தவர்கள் மனிதனை மட்டுமல்ல, தங்கள் பொறியையும் முழுதாக நம்பவில்லை.

இன்னொரு விசயம். கை தட்டிய இடத்திலேயே ரயில் நிற்காது. ஓடி வந்த வேகத்தில் இன்னும் கொஞ்சத் தூரம் போகும். ஆகவே ஒவ்வொரு சிக்னலுக்கும் அப்பால் ரயில் நிற்கும் அளவுக்கு வெற்றிடம் விட வேண்டும். கையும் அந்த வெற்றிடமும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.

பொஸ்ரனிலிருந்து பேர்லின் வரை

அமெரிக்காவில் பொஸ்ரன் நகரத்து மேம்பால ரயிலில் 1901இல் இந்தக் கை வந்தது. 1904 ஒக்ரோபர் 27ஆம் திகதி நியூயோர்க் சுரங்க ரயில் திறக்கப்பட்டபோது முதல் நாளிலிருந்தே அது இருந்தது. லண்டனில் டிஸ்றிக்ற் பாதை 1905இல் மின்சாரத்துக்கு மாறிய காலத்தில் அங்கும் வந்து, பிறகு சுரங்கப் பாதைகள் எல்லாவற்றுக்கும் பரவியது. எங்கடை ஆட்கள் நிறைந்த வெம்பிளிக்குப் போகும் பேக்கர்லூ ரயில்கள் இன்றும் இந்தக் கையை நம்பித்தான் ஓடுகின்றன.

பேர்லினில் எஸ்-பான் என்னும் நகர ரயிலுக்கு 1920களில் இது வந்தது. பெர்னாவு ஊருக்குப் போகும் பாதையின் பெயராலேயே அந்த வகையை அழைத்தார்கள். 1980களின் நடுவில் எங்கடை சனம் கூட்டம் கூட்டமாகக் கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, பிறீட்றிக்ஸ்ராச ஸ்ரேசனில் ரயில் ஏறி மேற்குப் பக்கம் போனது பலருக்குத் தெரியும். அந்த வழியால் வந்து பிறகு இத்தாலிக்கு இறங்கியவர்களும் இருக்கினம். பிடித்துத் திருப்பி அனுப்புவார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருந்த அந்தப் பயணத்தில், ஒவ்வொரு சிக்னலடியிலும் ஒரு இரும்புக் கை தங்களுக்காகக் காவல் நின்றது என்பது அவர்களுக்கு எங்கே தெரிந்திருக்கும்!

அப்படியானால் எல்லா ரயில் பாதையிலும் இதை வைத்திருக்கலாமே? முடியாது. அதிவேகமாக வரும் ரயிலில் இரும்பும் இரும்பும் மோதினால் இரண்டும் உடையும். உறைபனியும் சல்லிக்கல்லும் கையை இறுக்கிவிடும். பலவகை எஞ்சின்களும் சரக்குப் பெட்டிகளும் கலந்து ஓடும் பாதையில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் நெம்பு பூட்டுவதும் கடினம். ஒரேமாதிரி ரயில்கள், அளவான வேகம், அதிலும் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் என்று ஓடும் நகர ரயிலுக்குத்தான் அது பொருந்தியது.

யாழ்ப்பாணப் பாதையின் வளையம்

எங்கடை பாதையில் இரும்புக் கை இருக்கவில்லை. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிவரை 1902இல் ரயில் ஓடியது. 1905இல் பாதை தெற்கோடு முழுதாக இணைந்தது. 1956இல் யாழ்தேவி வந்தது. ஒற்றைப் பாதை என்பதால் அங்கே பெரிய பயம் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிடுவதுதான். அதற்குக் காவல் ரப்லெற்.

இங்கிலாந்தில் நொரிச் நகருக்குப் பக்கத்தில் 1874 செப்ரெம்பர் 10ஆம் திகதி இரவு, தந்திச் செய்தியில் ஏற்பட்ட குழப்பத்தால் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதன்பிறகு எட்வேட் ரயர் என்பவர் 1878இல் ஒரு பொறியைச் செய்தார். பக்கத்துப் பக்கத்து ஸ்ரேசன்களில் இரண்டு பெட்டிகள். இரண்டும் கம்பியால் இணைந்தவை. ஒன்றிலிருந்து வட்டமான உலோகத் தட்டு ஒன்றை எடுத்துவிட்டால், அது திரும்பவும் ஏதாவதொரு பெட்டிக்குள் போகும்வரை எந்தப் பெட்டியும் இன்னொரு தட்டைத் தராது. தட்டு கையிலுள்ள டிறைவருக்கு மட்டும்தான் அந்தத் துண்டுப் பாதை சொந்தம். நிற்காத ரயிலுக்கு அதைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையத்தில் கட்டி நீட்டுவார்கள். எஞ்சினிலுள்ளவர் ஓட்டத்திலேயே கையை விட்டு வாங்குவார்.

பெரியப்பா சொல்லுவார்: "மந்திரி வந்து நிண்டாலும் சரி, ரப்லெற் இல்லாமல் யாழ்தேவியை ஒரு முழம் அசைக்கேலாது."

அது உண்மை. ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. ரப்லெற் பிழையான அனுமதியைத்தான் தடுக்கும். அனுமதி இல்லாமலே சிவப்புக் கைகாட்டியைத் தாண்டி ஓடுகிற ரயிலைத் தடுக்காது. அங்கே டிறைவரின் கண்ணை விட்டால் வேறு காவல் இல்லை.

1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குப் போயின. 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதிதான் திரும்பவும் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது. அடுத்த வருசத் தொடக்கத்தில் காங்கேசன்துறைக்கும் போனது. புதுப் பாதையில் வர்ண விளக்குச் சிக்னல்கள். வளையம் நீட்டிய காலம் அங்கே முடிந்துவிட்டது.

கைக்குத் தெரியாதது

இரும்புக் கைக்குத் தெரிந்தது இரண்டே சொல்: நில், போ. எவ்வளவு வேகம் என்று அதற்குத் தெரியாது. இதற்கு லண்டன் கொடுத்த விலை பெரிது. 1975 பெப்ரவரி 28ஆம் திகதி காலை, மூர்கேற் ஸ்ரேசனின் முட்டுச் சுரங்கத்துக்குள் ஒரு ரயில் வேகம் குறையாமலே புகுந்து சுவரில் மோதியது. 43 பேர் இறந்தார்கள். டிறைவரும் அதில் ஒருவர். அவர் ஏன் பிறேக் போடவில்லை என்பதை விசாரணையால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரும் பதில் சொல்ல இல்லை.

அதற்குப் பிறகு, முட்டுப் பாதைகளில் கைகளை நேரக்கணக்கோடு வைத்தார்கள். ரயில் மெதுவாக வந்தால்தான் கை நேரத்துக்குப் படுக்கும். வேகமாக வந்தால் இன்னும் எழும்பியே நிற்கும், தட்டும். 'ஏன் செய்தான்' என்ற கேள்விக்கு விடை கிடைக்காதபோதும், 'இனி எவன் செய்தாலும் ரயில் நிற்க வேண்டும்' என்பதற்கு விடை கண்டார்கள்.

ரொறன்ரோ, 1995

ரொறன்ரோ சுரங்க ரயில் 1954இல் திறந்தது. அங்கும் இதே கைதான். 1995 ஓகஸ்ட் 11ஆம் திகதி மாலை, வேலை முடிந்து சனம் வீடு திரும்பும் நேரம், சென் கிளேயர் வெஸ்ற், டூபொன்ற் ஸ்ரேசன்களுக்கு இடையில், ரசல் ஹில் என்னுமிடத்தில் நின்றுகொண்டிருந்த ரயிலின் பின்னால் இன்னொரு ரயில் மோதியது. மூன்று பெண்கள் இறந்தார்கள். பலர் காயப்பட்டார்கள். அந்த நாட்களில் ரொறன்ரோவில் எங்கடை சனம் பெருகிவிட்டது. இங்கே பலெர்மோவிலும் ரெலிபோன் எடுத்து, சொந்தக்காரர் சுகமா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

பின்னால் வந்த ரயிலின் டிறைவர் வேலைக்குப் புதியவர். சிவப்புச் சிக்னல்களைத் தாண்டி வந்துவிட்டார். "டிறைவர் பிழை" என்று அதோடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் விசாரணை இன்னொரு கேள்வியையும் கேட்டது: டிறைவர் பிழை விடுவார் என்று தெரிந்துதானே கையை வைத்தீர்கள், அந்தக் கை எங்கே போனது?

கை இருந்தது. ஆனால் அந்த வகைப் பொறியின் அமைப்பிலிருந்த குறையால், ஓடி வந்த ரயிலின் நெம்பை அது தட்டவேண்டிய மாதிரித் தட்டவில்லை. பயிற்சி போதாமையும் பராமரிப்புக் குறைவும் வெளியே வந்தன. அதன்பிறகு, புதுப் பாதை போடுவதைவிட இருப்பதை நல்ல நிலையில் வைத்திருப்பதே முதல் வேலை என்று அந்த நகரப் போக்குவரத்துச் சபை கொள்கை வகுத்தது.

இத்தாலியில்

இத்தாலிய அரச ரயில்வே இரும்புக் கையின் வழியில் போகவில்லை. தண்டவாளத்தில் மின்குறிகளை அனுப்பி எஞ்சினுக்குச் சிக்னலைச் சொல்லும் முறையை முக்கிய பாதைகளில் வைத்தது. 1997இல் பியாச்சென்சாவில் அதிவேகத்தால் ஒரு ரயில் தடம் புரண்டு 8 பேர் இறந்தபிறகு, தண்டவாளங்களுக்கு நடுவில் சிறு பலகை போன்ற கருவிகளைப் பதித்து, வேகத்தையும் சேர்த்துக் கண்காணிக்கும் புது முறை தொடங்கியது. ஆனால் அது எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வரவில்லை. 2005 ஜனவரி 7ஆம் திகதி, பொலோனியா - வெரோனா ஒற்றைப் பாதையில், கிறேவல்கோரே அருகில், மூடுபனிக்குள் ஒரு பயணிகள் ரயில் சிவப்பைத் தாண்டிச் சரக்கு ரயிலோடு மோதியது. 17 பேர் இறந்தார்கள். அந்த இடத்துக்குப் புது முறை இன்னும் வந்து சேரவில்லை.

2016 ஜூலை 12ஆம் திகதி, தெற்கே புலியாவில் அந்திரியாவுக்கும் கொராத்தோவுக்கும் இடையில் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 23 பேர் இறந்தார்கள். அந்தத் துண்டில் ரயிலுக்கு அனுமதி கொடுத்தது ஸ்ரேசனுக்கு ஸ்ரேசன் ரெலிபோனில். இதை வாசித்த அன்று பெரியப்பாவின் வளையம்தான் நினைவுக்கு வந்தது. நொரிச்சில் நடந்து 142 வருசம் கழித்து, அதே மாதிரி விபத்து. ரயரின் பெட்டிகள் அங்கே இருந்திருந்தால் இரண்டாவது தட்டு வெளியே வந்திராது. நாங்கள் "பழைய காலத்துச் சாமான்" என்று சிரித்த ஒன்று எங்கடை ஊரில் இருந்தது. வசதி படைத்த நாட்டில் அந்தப் பாதையில் இல்லை.

இன்று பலெர்மோ - மெசினா பாதையிலும் அந்தப் புது முறை இருக்கிறது. மகனுக்கு நான் சொன்ன விடை பிழையில்லை. ஆனால் அரைவாசிதான். திரும்பி வரும்போது மிச்சத்தையும் சொன்னேன்.

விடிய நாலு மணிக்கு எழும்பி, இரண்டு மூன்று வீடு துப்புரவாக்கி, இரவு றெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவுகிற எங்கடை சனத்துக்குக் களைத்த கண் எப்படியிருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ரயில் ஓட்டுபவரும் அப்படியொரு மனுசன்தான். அவர் ஒருநாள் பிழை விடுவார். அவரைத் திட்டுவது எளிது. அவர் பிழை விட்டாலும் ஆட்கள் வீடு போய்ச் சேரும்படி ஒரு கையை வைப்பதும், அந்தக் கை நிசமாகவே தட்டுகிறதா என்று நாள்தோறும் போய்ப் பார்ப்பதும்தான் கடினம். இந்த நூறு வருசக் கதையில் உயிர்களைக் காப்பாற்றியவர்கள் அந்தக் கடினமான வேலையைச் செய்தவர்கள். அவர்களுடைய பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

மகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "பெரியப்பு ஒருநாளும் பிழை விடேல்லையோ?"

"விட்டிருப்பார். ரப்லெற் விடேல்லை" என்றேன்.

பலெர்மோவிலும், ரயிலேறிப் போகிற வேறு எல்லா ஊர்களிலும் வாழும் எம் உறவுகள் அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.