இஸ்டோர்ச் சங்கும் எமது இளமைக் காலமும்

கலேவெலயில் தேயிலை விளைவதில்லை. நெல்லும் தென்னையும் வெங்காயமும் விளையும் இம்மண்ணிற் பிறந்த இளைஞர்க்குத் தேயிலை என்பது கடையிற் பொட்டலமாக வாங்கும் பண்டம், அவ்வளவே. ஆயினும் நம்மிடையே உள்ள முதியோருட் சிலர் மாத்தளைக்குக் கிழக்கே, இறத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ ஆகிய மலைப் பக்கங்களில், தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சலைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள். இந்த மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று தம்பிமார் வந்து கேட்டபோது அவ்விரைச்சலே எமக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

தோட்டம் என்றவுடன் பச்சைச் செடிகளும் கூடை சுமந்த பெண்களுமே யாவர் கண்ணுக்கும் தோன்றுகின்றன. படம் பிடிக்க வருவோரும் அதையே பிடித்துக்கொண்டு போகின்றனர். எமது எண்ணம் வேறு. நாம் வளர்ந்தது ஒரு பழைய கைத்தொழிற் பகுதியில். சங்கு ஊதும்போது எழுந்தோம்; இயந்திரத்தின் ஓசையில் உறங்கினோம்; எமது தந்தையரின் உடையில் இயந்திர எண்ணெயும் தேயிலைத் தூளும் மணத்தன. இங்கிலாந்திலே பஞ்சாலைத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிப் புத்தகங்கள் பல உண்டு. எம்மைப் போன்றோரைப் பற்றி அப்படி எழுதியவர்கள் அதிகம் இல்லை. ஆதலின் நமக்குத் தெரிந்த மட்டில் எழுதி வைக்கின்றோம்.

அத் தொழிற்சாலையை எமது சனங்கள் ‘இஸ்டோர்’ என்றே சொல்வார்கள். சிறு வயதில் அதற்குக் காரணம் எமக்கு விளங்கவில்லை. பின்னர்தான் அறிந்தோம், அது கோப்பிக் காலத்துப் பெயர் என்று. கோப்பிக் கொட்டையை உலர்த்திச் சேமித்து வைத்த கட்டடம் ‘ஸ்டோர்’ எனப்பட்டது. 1869 இல் இலங்கையிலே கோப்பி இலையில் துரு நோய் கண்டு, நாளடைவில் அப்பயிர் பெரும்பாலும் அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து தேசத்தவர் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை நட்டிருந்தார். தமது பங்களா விறாந்தையில் மேசைமேற் கொழுந்தைப் பரப்பிக் கையாலேயே உருட்டச் செய்தார் என்பர். கோப்பி போய்த் தேயிலை வந்தது. கட்டடமும் வேலையும் மாறின. தொழிலாளர் வாயில் பெயர் மட்டும் மாறவில்லை. ‘இஸ்டோருக்குப் போறேன்’ என்று எமது தகப்பனார் சொன்னபோதெல்லாம், ஒரு நூற்றாண்டுக்கு முந்திய கோப்பிக் கிடங்கின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோப்பிக் காலத்திலேதான் எமது முன்னோர் இங்கு வந்தனர். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களிலிருந்து புறப்பட்டு, தோணியிற் கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடை. தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தால், அதுவே அவர்கள் காணும் முதல் மலைநாட்டுப் பட்டணம். இன்று நம் தம்பிமார் வெங்காய மூட்டைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போகின்றார்களே, அந்தத் தம்புள்ளை வழியாகத்தான் அவர்கள் கூட்டங் கூட்டமாக நடந்து போனார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர் எத்தனையோ ஆயிரம். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880 இல். தலைமன்னாரிலே கப்பல் துறையும் அதற்கு இருப்புப் பாதையும் அமைந்தது 1914 இல். காலப்போக்கில் அந்த நடையும் ஒழிந்தது. எமது அப்பாயி, தம் மாமியார் நடந்து வந்த கதையைச் சொல்லும்போது, ‘தம்புள்ளை’ என்ற பெயர் வந்தவுடன் சற்று நிறுத்திவிடுவார். காரணத்தை நாம் கேட்டதில்லை.

இனி இஸ்டோருக்கு வருவோம்.

எமது லயத்திலிருந்து அது கூப்பிடு தூரம். லயத்தில் எமக்கு வாய்த்தது ஒரு காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு சிறு ஸ்தோப்பு. அதில் எட்டுப் பேர். இஸ்டோரோ நாலு தட்டுக் கட்டடம். வரிசை வரிசையாகக் கண்ணாடி யன்னல்கள். இரவில் எல்லா யன்னலிலும் வெளிச்சம். லயத்திலே குப்பி விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது அங்கே மின்சார விளக்கு எரியும். தேயிலைக்குக் கிடைத்த இடவசதியும் வெளிச்சமும் எமக்குக் கிடைக்கவில்லை என்று அப்போது நினைத்தோமா என்றால், இல்லை. அது கோவில் போல் ஓர் அதிசயமாகவே தோன்றியது.

காலையிலும் மாலையிலும் பெண்கள் கொழுந்து மடுவத்தில் நிறுத்துக் கொடுத்த கொழுந்து, மேல் தட்டுக்கு ஏறும். அங்கே சாக்குத் துணி விரித்த தட்டுகளிற் பரப்பி இரா முழுதும் வாடவிடுவார்கள். வாடிய கொழுந்தின் வாசனை பச்சைப் புல்லும் பழமும் கலந்தாற் போன்றது. இன்றுவரை அதற்கு ஒப்பான வாசனையை நாம் கண்டதில்லை. பின்னர் அது குழாய் வழியே கீழ்த் தட்டில் உள்ள உருளைக்கு இறங்கும். உருளை சுற்றத் தொடங்கினால் லயத்துச் சுவரே லேசாக அதிரும். உருட்டிய கொழுந்தைச் சலித்துப் புளிக்க வைப்பார்கள். பச்சை நிறம் மாறிச் செப்புக் காசு போல் ஆகும். எப்போது போதும் என்று அறிவது டீமேக்கர் ஐயாவின் மூக்கு. ஒரு பிடி அள்ளி முகர்ந்து தலையை அசைத்தால், உடனே அது சூட்டு அடுப்புக்குப் போகும். ஒரு நிமிடம் பிந்தினாலும் தூள் கெட்டுப்போகும் என்பார். பிறகு சலித்து வகை பிரித்தல், பெட்டி கட்டுதல். நாலரை இறாத்தல் கொழுந்து போனால் ஓர் இறாத்தல் தூள் வரும். எமது தாயார் நாளெல்லாம் சுமந்த கூடைகளை இந்தக் கணக்கிலே வகுத்துப் பார்த்து வியப்படைந்ததுண்டு.

கொழுந்து ஓர் இரவு வாட வேண்டுமாதலால், இயந்திரங்கள் பெரும்பாலும் நடுச்சாமத்தின் பின்னரே ஓடும். ஆதலின் இஸ்டோர்க்காரர் வீட்டுப் பிள்ளைகள் தகப்பனைப் பகலில் உறங்கும் மனிதராகவே அறிவர். ‘சத்தம் போடாதீங்கடா, அப்பா தூங்குறாரு’ என்பதே எமது பகற்பொழுதின் கட்டளை. இந்தக் காரணத்தினாலேயே எமது விளையாட்டு எல்லாம் பீலிக்கரைக்குப் போயிற்று.

சூட்டு அடுப்பின் இரும்பு முகத்தில் பெரிய ஆங்கில எழுத்துகளில் ‘சிரோக்கோ’ என்று வார்க்கப்பட்டிருக்கும். நாம் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆங்கிலச் சொல் அதுவே. பொருள் தெரியாது. ஏதோ துரையின் பெயர் என்று ஒருவன் சொன்னான், நாமும் நம்பினோம். அது சகாராப் பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கி வீசும் வெப்பக் காற்றின் பெயராம். அசாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த சாமுவேல் டேவிட்சன் என்பவர் ஊர் திரும்பி, அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் 1881 இல் தொழிற்சாலை நிறுவி இவ்வியந்திரங்களைச் செய்தார். பாலைவனக் காற்றின் பெயரைத் தாங்கிய பெல்பாஸ்ட் இரும்பு, மாத்தளை மலையில் எமது கண்ணுக்கு முன்னால் அனல் கக்கிக்கொண்டிருந்தது. பூகோளப் பாடத்தை எமக்கு அப்படியும் கற்பித்திருக்கலாம். ஆனால் தோட்டப் பாடசாலையில் இருந்தது ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் ஐந்தாம் வகுப்பு வரையிலான படிப்புமே. 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைக்கச் சொன்னது. 1945 இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் மலையேறி எம்மிடம் வருவதற்கு, அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற 1970 ஆம் ஆண்டுகள் வரை காத்திருக்க நேர்ந்தது.

எமது பெரியப்பா ஒருவர் உருளையிலே வேலை செய்தார். ஒரு விடியற்காலை வார்ப்பட்டையில் அவர் கை அகப்பட்டு வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பெட்டிக் காம்பராவைக் கூட்டும் வேலை கொடுக்கப்பட்டது. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 இலேயே வந்திருந்தது. அவருக்கு ஏதேனும் கிடைத்ததா என்று சிறுவர்களாகிய நாம் கேட்கவில்லை, அவரும் சொன்னதில்லை. எமக்கு எண் கற்பித்தவர் அவரே. எட்டு வரை தம் விரல்களில் எண்ணிவிட்டு, ‘மிச்ச ரெண்டு இஸ்டோர்ல இருக்கு’ என்று சொல்லிச் சிரிப்பார். நாமும் சிரித்தோம். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

தேயிலைப் பெட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கதை நிறைவு பெறாது. மெல்லிய பலகை, விளிம்பில் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள். பக்கத்தில் தோட்டத்தின் பெயரும் தூளின் வகையும் நிறையும் மையினால் அச்சிட்டிருக்கும். கொழும்பிலே 1883 ஆம் ஆண்டு ஜூலை மாதம் தேயிலை ஏலம் தொடங்கிய காலந்தொட்டு, எமது தோட்டங்களை உலகம் அறிந்தது அந்தப் பெட்டியின் எழுத்தினால்தான். நல்ல தூள் பெட்டியில் ஏறிப் போகும். எமக்கு மாதாமாதம் கொடுக்கப்பட்டது கடைத்தரத் தூள். உடைந்த பெட்டிகள் லயத்துக்கு வந்து கோழிக்கூடாகும், அரிசிப் பானைக்கு மணையாகும். காமன் கூத்துக்குப் பெற்றோமாக்ஸ் விளக்கை ஏற்றி வைக்கும் மேடையுமாகும்.

பின்னொரு காலத்தில் அப்பெட்டிகள் வேறொரு வேலைக்கு வந்தன. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் எமது மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவும் மூன்று இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று கணக்குப் பார்த்தது. கணக்கு கடதாசியில் எளிது. லயத்திலோ அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்தது. எம்முடன் பீலிக்கரையில் விளையாடியவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் போய்விட்டனர். பித்தளைக் குடத்தையும் அம்மியையும் சாமி படத்தையும் தேயிலைப் பெட்டியிலேதான் கட்டினார்கள். மாத்தளைப் புகையிரத நிலையத்து மேடையில் அப்பெட்டிகள் அடுக்கியிருந்ததை நாம் கண்டோம். ஒவ்வொன்றிலும் தோட்டத்தின் பெயர். கோச்சி நகர்ந்தபோது எழுந்த அழுகுரலை எழுத எம்மால் முடியாது. போனவர்கள் சிலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அமைத்த தேயிலைத் தோட்டங்களிலேயே மறுபடியும் கொழுந்து பறித்தனர். சிலர் எங்கே போயினர் என்றே தெரியவில்லை.

இருந்தவர்கள் கதையும் நேராகச் செல்லவில்லை. 1972 லும் 1975 லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்த ஆண்டுகளிலே பஞ்சமும் வந்தது. 1977, 1983 ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின்னர் மாத்தளைப் பக்கத்துக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிக்கு இடம்பெயர்ந்தன; எம்மைப் போல் சிலர் சிறு வியாபாரத்தையும் கூலி வேலையையும் தேடி இந்தச் சமவெளிக்கு இறங்கினோம். தோட்டங்கள் சுருங்கவே கொழுந்தும் குறைந்தது. சிறிய இஸ்டோர்கள் மூடப்பட்டு, கொழுந்து பெரிய தொழிற்சாலைகளுக்கு லொறியிற் போயிற்று. எமது இஸ்டோரும் அவ்வாறே மூடப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் போய்ப் பார்த்தோம். மேல் தட்டுகளின் பலகையும் யன்னற் கண்ணாடியும் இல்லை. உருளை நின்ற இடத்தில் நான்கு இரும்பாணிகள் மட்டும் தரையிற் துருத்திக்கொண்டிருந்தன. லயத்திலே இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. பீலியில் தண்ணீரும் வருகிறது.

1964 ஒக்தோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததிக்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை தந்தது. அப்போது, இங்கே இருந்தோம் என்று காட்டுவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் பழைய கடதாசி தேடினோம். பிறப்புப் பத்திரம் கறையானுக்குப் போனவர்கள் உண்டு. எமக்கு அகப்பட்டது தகப்பனாரின் சம்பளச் சீட்டு ஒன்று. மடிப்பில் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது.

இஸ்டோரில் வேலை செய்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். தம்பிமார் தங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, துண்டு, கப்பற் சீட்டு, தோட்டத்தின் பெயர் அச்சிட்ட தேயிலைப் பெட்டிப் பலகை, இஸ்டோர் வாசலில் எடுத்த படம், எதுவாயினும் சரி, கொண்டுவந்து காட்டுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே பின்புறத்தில் எழுதிக்கொள்வோம். எம்மிடம் உள்ள ஒரே படத்தில் பதினொரு பேர் நிற்கின்றனர். ஏழு பேரின் பெயர் தெரிந்துவிட்டது.