கோடாலித் தைலத்தின் ஆயிரம் வருஷக் கதை: ஒரு நீண்ட இழை

சூலக்கரை, விருதுநகர், சாத்தூர், சிவகாசி... நம்ம பக்கம் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அந்தச் சின்னக் குப்பி இருக்கும். சிங்கப்பூர் மச்சான் கொண்டு வந்த கோடாலித் தைலம், துபாய் சித்தப்பா கொடுத்த டைகர் பாம். இப்போ புதுசா, பாங்காக் டூர் போயிட்டு வர்றவங்க தர்ற தாய்லாந்து மூலிகை எண்ணெய். தலைவலி, சளி, கொசுக்கடி, முகப்பரு எல்லாத்துக்கும் அதே குப்பிதான். பட்டாசுத் தீக்காயத்துக்கும் அதையே தடவிட்டு வர்றாங்க. அதனாலதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல லேபிளைத் திருப்பிப் பாருங்க. மெந்தால், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட். பெரும்பாலான குப்பிகளில் இந்த மூணில் ரெண்டாவது இருக்கும். படம் மட்டும் மாறும்: புலி, கோடாலி, ஏதாவது ஒரு பூ.

இதில் கற்பூரத்தின் கதை பெரிசு. சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்று ஒரு ஊர். அதன் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஆண்டு கி.பி. 1088. நட்டவர்கள் ஐந்நூற்றுவர் என்ற நம்ம வணிகக் குழுவினர். அந்தக் கரையின் பேர்போன சரக்கே கற்பூரம்தான். மலாய் மொழியில் அதுக்கு இன்னிக்கும் 'காப்பூர் பாருஸ்' என்றுதான் பேர். காட்டு மரத்தின் உள்ளே படிகமாக உறைந்து கிடப்பதைப் பிளந்து எடுப்பார்கள். நம்ம பச்சைக் கற்பூரம் அந்த வகை.

அதுக்கும் முன்னாடி, 9ஆம் நூற்றாண்டிலேயே தெற்குத் தாய்லாந்தின் தக்குவா பாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கு. குளம் ஒன்று வெட்டி, அதை மணிக்கிராமத்தாரின் காவலில் விட்ட செய்தி அதில் இருக்கு. ஆக, தாய்லாந்து டூர் நமக்குப் புதுசில்லை!

பிறகு வந்தது வேறொரு மரத்தின் கற்பூரம். தைவானில் விளைந்தது. 1895இல் ஜப்பான் தைவானைப் பிடித்தது. 1899இல் கற்பூர வியாபாரத்தையே அரசின் தனியுரிமை ஆக்கியது. ஏன் இவ்வளவு ஆசை? சினிமா பிலிம் செய்த செல்லுலாய்டுக்குக் கற்பூரம் வேணும். வெடிமருந்து ஊர்க்காரங்களுக்கு இன்னொரு தகவல்: ஆல்ஃபிரட் நோபல் 1887இல் உருவாக்கிய 'பாலிஸ்டைட்' என்ற புகையில்லா வெடிமருந்தில் பத்தில் ஒரு பங்கு கற்பூரம். இன்னிக்கு நாம சாமிக்குக் காட்டுறது பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனில் இருந்து ஆலையில் செய்தது.

மெந்தால் கதை சின்னது. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் ஜப்பான் கையில் இருந்தது, அப்புறம் பிரேசில், சீனா. இப்போ உலகத்துக்கே அதிகமா கொடுக்கிறது இந்தியா, குறிப்பா உத்தரப் பிரதேசம். 'தாய்லாந்து ரகசியம்' என்று ஆசையா வாங்கி வர்ற குப்பியில் இருக்கிற மெந்தால் பாராபங்கி வயல் புதினாவில் இருந்து போனதா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

குப்பிகள் பிறந்த வரிசையும் சுவாரஸ்யம். ரங்கூனில் 1870களில் கடை போட்ட சீன வைத்தியர் ஆவ் சூ கின்; அவர் மகன்கள் கையில் வளர்ந்து சிங்கப்பூருக்குப் போனது டைகர் பாம். 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சன், 1914இல் சென்னைக்கு வந்தது. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பேரில்தான். ஆரம்பத்தில் சங்கீதக் கச்சேரிகளில் இலவசமா கொடுத்துப் பழக்கினாராம், கெட்டிக்காரர். கோடாலித் தைலம் 1928இல் சிங்கப்பூரில் தொடங்கியது, ஹஜ் பயணிகள் வழியா அரபு நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

தாய்லாந்து மரபே பொய்யா? இல்லவே இல்லை. பாங்காக்கின் வாட் போ கோயிலில், மூன்றாம் ராமா மன்னர் 1830களில் வைத்தியக் குறிப்புகளைக் கல்லில் பொறிக்க வைத்தார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று. பிளாய் என்ற இஞ்சி வகை, மஞ்சள், எலுமிச்சைப் புல் எல்லாம் துணியில் கட்டி, ஆவியில் சூடாக்கி ஒத்தி எடுப்பார்கள். நம்ம கிழி ஒத்தடத்தின் சொந்தக்காரப் பிள்ளை. அந்த மசாஜ் மரபை 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. இதோட எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. உடம்பு வலிக்குது, தடவினா இதமா இருக்கா, தடவுங்க.

ஆனா அந்தக் 'குளுகுளு' என்ன? தோல் நிஜமா குளிர்வதில்லை. குளிரை உணரும் நரம்பு வாயிலை மெந்தால் திறந்து விடுது, மூளை ஏமாறுது. இந்த மாதிரி வாயில்களைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ரெண்டு பேருக்கும் 2021இல் நோபல் பரிசு.

தீக்காயத்தில் ஆபத்து இங்கேதான். குளுகுளுன்னு இருக்கு, ஆனா உள்ளே இருக்கிற சூடு இறங்கவே இல்லை. வெந்த தோல் வழியா மருந்தும் அதிகமா உள்ளே போகும். தீக்காயத்துக்கு முதல் வைத்தியம் குழாய்த் தண்ணி, 20 நிமிஷம். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மை வேண்டாம், எந்தத் தைலமும் வேண்டாம். சுத்தமான துணியால மூடி ஆஸ்பத்திரிக்கு வாங்க.

ரெண்டு வயசுக்குள்ள குழந்தை மூக்கிலும் நெஞ்சிலும் தடவவே கூடாது. மூச்சு திணறலாம். கற்பூரம் வயித்துக்குள்ள போனா, ஒரு கிராம்கூட சின்னக் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும், உயிரையே எடுக்கலாம். அமெரிக்காவில் 1980களிலேயே தடவும் மருந்தில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு கட்டுப்படுத்தினாங்க. சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். இதயத்துக்கு வார்ஃபரின் சாப்பிடுற பெரியவங்க மூட்டு முழுக்க தினமும் இதைத் தேய்ச்சா ரத்தக்கசிவு வரலாம், டாக்டரிடம் சொல்லுங்க.

குழந்தை குடிச்சிருச்சுன்னு தெரிஞ்சா உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, வலிப்பு வந்தா அது நுரையீரலுக்குள் போயிரும். 108க்குக் கூப்பிடுங்க. வரும்போது அந்தக் குப்பியையும் கையோட எடுத்துட்டு வாங்க. எது எத்தனை சதவீதம்னு அதுல எழுதியிருக்கிறதைத்தான் நாங்க முதல்ல பார்ப்போம்.